தானிய வண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: ஓடு கெட்டிப்படுவது யாரால்?

நன்றாகக் காயவைத்த தானியத்தில் ஈரம் 12 முதல் 14 சதவீதம்தான் இருக்கும். இந்த வறட்சியில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, பெரும்பாலான பூச்சிகளும் அண்டாது. காயவைத்துச் சேமிப்பதன் நோக்கமே அதுதான். ஆனாலும் சில வண்டுகள் அதே மூட்டைக்குள் முட்டையிட்டு, பொரிந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. சொட்டுத் தண்ணீர்கூட அவை குடிப்பதில்லை. தானியத்தில் இருக்கும் அந்தச் சிறிதளவு ஈரமும், தின்ற மாவுச்சத்து உடலில் எரியும்போது உண்டாகும் நீரும்தான் அவற்றுக்குக் கிடைப்பது. கிடைத்ததை ஆவியாக விடாமல் பிடித்துவைத்தால்தான் பிழைக்க முடியும். உடலைச் சுற்றியிருக்கும் கெட்டியான ஓடுதான் அதைப் பிடித்துவைக்கிறது.

அந்த ஓட்டைச் செய்யத் தேவையான மூலப்பொருளில் ஒரு முக்கியமான பங்கு வண்டின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வருகிறது. கடந்த 20 ஆண்டுகளில் தானியப் பூச்சிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மூட்டையில் ஊரும் வண்டை ஒரு தனி உயிராகப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் குறைந்தது இரண்டு உயிர்கள் சேர்ந்துதான் தானியத்தைத் தின்கின்றன. பூச்சிக்கு மருந்து தேடுகிறவர்கள் அந்த இரண்டாவது உயிரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அரிசி கூன்வண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தக் கூட்டு வாழ்க்கை மிக விரிவாக ஆராயப்பட்டிருப்பது அதில்தான். மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்பு வண்டு, தலையின் முன்பகுதி மூக்குபோல நீண்டிருக்கும். அந்த மூக்கின் நுனியில்தான் வாய். பெண் வண்டு அதால் தானியமணியில் ஒரு குழியைக் குடைந்து, உள்ளே ஒரே ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற ஒரு சுரப்பால் குழியின் வாயை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுசாகவே தெரியும். பொரிந்த புழு அந்த ஒரு மணியைத் தின்றே வளர்ந்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். வெப்பமான சூழலில் இதற்குச் சுமார் ஒரு மாதம் போதும்.

தாய் இடுகிற முட்டைக்குள்ளேயே பாக்டீரியாவும் இருக்கிறது. சினைப்பையில் முட்டை உருவாகும்போதே அது உள்ளே போய்விடுகிறது. புழுவின் உடலில் முன்குடலும் நடுக்குடலும் சந்திக்கும் இடத்தில் இதற்கென்றே தனி உறுப்பு ஒன்று உருவாகிறது. அதிலுள்ள செல்கள் ஒவ்வொன்றிலும் பாக்டீரியா நெருக்கி அடைத்துக்கொண்டிருக்கும். புழு கூட்டுப்புழுவாகி உடல் முழுவதும் மாறும்போது அந்தச் செல்கள் பிரிந்து, குடலை ஒட்டியே நகர்ந்து, புதிதாக உருவாகும் நடுக்குடலின் சிறு பைகளின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வண்டின் உடலே கலைந்து மறுபடி கட்டப்படுகிற நேரத்திலும் குடியிருப்பவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

இந்த பாக்டீரியாவுக்கு இப்போது சோடாலிஸ் பியராந்தோனியஸ் என்று பெயர். 1920-களில் இந்த வண்டுகளுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த இத்தாலிய விலங்கியலாளர் உம்பெர்ட்டோ பியராந்தோனியின் நினைவாக வைத்தது. அவர் காலத்தில் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைய முடிந்ததே தவிர, உள்ளே அது என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வழியில்லை.

சரி, என்னதான் செய்கிறது?

பூச்சியின் ஓடு கைட்டின் இழைகளாலும் புரதங்களாலும் ஆனது. தோல் உரித்த உடனே, அல்லது கூட்டிலிருந்து வெளிவந்த உடனே, அது வெளிறி, மென்மையாக இருக்கும். பிறகுதான் கெட்டிப்பட்டுக் கறுக்கும். அப்படிக் கெட்டிப்படுத்தும் வேதிப்பொருள்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகின்றன. டைரோசின் முதலில் டோப்பாவாகவும், அப்புறம் டோபமைனாகவும் மாறி, அதிலிருந்து பிறக்கும் பொருள்கள் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. கறுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனினும் இதே வழியில்தான் வருகிறது. ஆக, டைரோசின் போதவில்லை என்றால் ஓடு மெல்லியதாகவும் வெளிறியதாகவும் நின்றுவிடும்.

இங்கேதான் சிக்கல். டைரோசினில் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தை அடிப்படையிலிருந்து கட்டும் திறன் எந்த விலங்குக்கும் கிடையாது. மனிதருக்கும் இல்லை, வண்டுக்கும் இல்லை. தாவரங்கள், பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் ஷிகிமேட் பாதை என்ற வேதித்தொடர் மூலம் அதைச் செய்கின்றன. விலங்குகள் உணவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தானியம் பெரும்பாலும் மாவுச்சத்து. அதில் புரதம் குறைவு. உடல் முழுவதும் தடித்த ஓடு போட்டுக்கொள்ளும் ஒரு வண்டுக்குத் தேவையான அளவு டைரோசின் அதில் கிடைப்பது கடினம். அந்தப் பற்றாக்குறையைத்தான் பாக்டீரியா தீர்க்கிறது. வண்டு தரும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு அமினோ அமிலங்களையும் சில பி வைட்டமின்களையும் திருப்பித் தருகிறது. சர்க்கரையை வாங்கும் விதமும் வியப்பானது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்த பாக்டீரியாக்களின் சவ்விலிருந்து மிக நுண்ணிய குழாய்கள் கிளம்பி, ஒன்றை ஒன்று தொட்டுப் பின்னலாகக் கிடப்பது தெரிந்திருக்கிறது. உறிஞ்சும் பரப்பு அதனால் பல மடங்கு கூடுகிறது.

பாக்டீரியா இல்லாவிட்டால் வண்டு என்ன ஆகும் என்பதையும் செய்து பார்த்துவிட்டார்கள். பிரான்சின் லியோன் நகரில் பால் நார்தோன் 1970-களில் ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தார். வண்டுகளை 35 டிகிரி வெப்பத்திலும் 90 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு மாதம் வைத்தால், வண்டு பிழைத்துக்கொள்ளும், பாக்டீரியா அழிந்துவிடும். அந்த வண்டுகளின் சந்ததியில் பாக்டீரியாவே இருக்காது. அவை வாழ்கின்றன, முட்டையிடுகின்றன. ஆனால் வளர்ச்சி மெதுவாகிறது, முட்டைகள் குறைகின்றன, நிறம் வெளிறுகிறது, பறக்கவும் முடிவதில்லை. பறக்க முடியாததற்கு ஓடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பேன்டோதெனிக் அமிலம், ரைபோஃபிளேவின் போன்ற வைட்டமின்கள் குறைவதால் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் தளர்ந்துபோகிறது. பறப்பதற்கு வேண்டிய ஆற்றல் அங்கிருந்துதானே வர வேண்டும்.

2014-இல் லியோன் குழுவினர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு இந்தக் கதையின் உச்சம் என்பேன். கூட்டுப்புழு வண்டாக மாறியதும் அதன் குடலிலுள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது. ஓடு கெட்டிப்பட வேண்டிய நாள்கள் அவை, அதாவது டைரோசின் மிக அதிகமாகத் தேவைப்படும் நாள்கள். ஓடு முற்றி முடிந்ததும் எண்ணிக்கை சரிய ஆரம்பிக்கிறது. வண்டுக்குச் சில வார வயதாகும்போது குடலில் ஒரு பாக்டீரியாகூட மிச்சமில்லை. அவை தாமாகச் சாகவில்லை. குடியிருந்த செல்களே தம்மை அழித்துக்கொள்கின்றன, உள்ளே இருக்கும் பாக்டீரியாவைச் சிதைத்துச் செரிக்கின்றன, அதிலிருந்து கிடைப்பது வண்டின் உடலில் சேர்கிறது. பெண் வண்டின் சினைப்பையில் மட்டும் பாக்டீரியா விட்டுவைக்கப்படுகிறது, அடுத்த தலைமுறைக்காக.

கூட்டுவாழ்வு என்றால் இரண்டு பக்கமும் சமமாக ஆதாயம் பெறும் நட்பு என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். இந்த வண்டில் அப்படித் தெரியவில்லை. பாக்டீரியா எங்கே இருக்கலாம், எவ்வளவு இருக்கலாம், எப்போது போக வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வண்டுதான் தீர்மானிக்கிறது. வேலை முடிந்ததும் வேலைக்காரரையே சாப்பிட்டுவிடுகிறது.

கட்டுப்பாடு அதோடு நிற்பதில்லை. பாக்டீரியா குடியிருக்கும் செல்களில் கோலியாப்டெரிசின்-ஏ என்ற ஒரு சிறு புரதத்தை வண்டு சுரக்கிறது. அது பாக்டீரியாவைக் கொல்வதில்லை, செல் பிரிவதைத் தடுக்கிறது. அதனால் பாக்டீரியாக்கள் பிரிய முடியாமல் நீளநீளமாக வளர்ந்து, அங்கேயே கிடக்கின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணுவை ஆய்வகத்தில் முடக்கியதும் பாக்டீரியாக்கள் செல்லைவிட்டு வெளியேறி மற்ற திசுக்களுக்குப் பரவின. 2011-இல் வெளிவந்த ஆய்வு இது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிரும் துண்டுகள் உடலில் பரவினால், வண்டின் நோயெதிர்ப்பு அமைப்பு கிருமி வந்துவிட்டதாக நினைத்து எந்நேரமும் போரிட்டுக்கொண்டிருக்கும். அது நடக்காமல் இருக்க, அந்தத் துண்டுகளை உற்பத்தியாகும் இடத்திலேயே வெட்டிவிடும் நொதி ஒன்றை வண்டு வைத்திருக்கிறது. வீட்டுக்குள் குடியிருப்பவரால் ஊருக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவு நேர்த்தியைப் பார்த்தால் இது கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கம் என்றுதான் தோன்றும். ஆனால் சோடாலிஸ் இந்த வண்டுக்குள் வந்து சுமார் 28,000 ஆண்டுகள்தான் ஆகியிருக்கும் என்று அதன் மரபணு மாற்றங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பரிணாமக் காலத்தில் இது நேற்று நடந்ததுபோல. மற்ற பல கூன்வண்டு இனங்களில் நார்டொனெல்லா என்ற மிகப் பழைய பாக்டீரியா இருக்கிறது. தானியக் கூன்வண்டுகளின் முன்னோரிடமும் அதுதான் இருந்தது. பின்னால் வந்த சோடாலிஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

புதிதாக வந்தவர் என்பதற்கு அதன் மரபணுத் தொகுதியே சாட்சி. உயிருக்குள் அடைபட்டு நெடுங்காலம் வாழும் பாக்டீரியா, தேவையில்லாத மரபணுக்களை ஒவ்வொன்றாக இழந்து சுருங்கிவிடும். நார்டொனெல்லாவின் மரபணுத் தொகுதியில் சுமார் 2 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்தான் மிச்சம். டைரோசின் செய்யும் வேலையைத் தவிரப் பெரிதாக வேறொன்றும் அதற்குத் தெரியாது. சோடாலிஸ் பியராந்தோனியஸிடமோ இன்னும் 45 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன, வெளியே சுதந்திரமாக வாழும் பாக்டீரியாக்களுக்குச் சமமாக. ஆனால் மரபணுக்களில் ஏறக்குறைய பாதி செயலிழந்து கிடக்கின்றன. இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் எங்கு பார்த்தாலும் பெருகியிருக்கின்றன. சுருங்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவில் ஒருவருக்குக் காய்ந்த காட்டு ஆப்பிள் மரக்கிளை கையில் குத்தி ஏற்பட்ட புண்ணில். 2012-இல் அது விவரிக்கப்பட்டது. அடைபட்டு வாழப் பழகுவதற்கு முன்னால் சோடாலிஸ் எப்படி இருந்திருக்கும் என்று அறிவியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புண் உதவியது.

28,000 ஆண்டுகள் என்ற கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனிதர் விவசாயம் தொடங்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. களஞ்சியம் என்ற ஒன்று உலகில் வருவதற்கு முன்பே இந்தக் கூட்டணி உருவாகிவிட்டது. காட்டு விதைகளில் வறட்சியைத் தாங்கக் கற்றுக்கொண்ட வண்டு ஒன்று, நாம் தானியத்தைக் காயவைத்துக் குவித்தபோது ஏற்கெனவே தயாராக இருந்தது.

ரம்ப வண்டுக்கு வருவோம். தட்டையான சிறிய வண்டு, மார்பின் இரு ஓரத்திலும் ரம்பம்போலப் பற்கள் இருக்கும். கூன்வண்டுக்கு இது நெருங்கிய உறவு கிடையாது. முழு மணியைத் துளைக்கவும் இதற்கு வலுவில்லை, உடைந்த தானியத்தையும் மாவையும்தான் தின்னும். இதற்குள்ளும் பாக்டீரியா உண்டு. அது சோடாலிஸுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத, வேறொரு பெருங்குழுவைச் சேர்ந்த ஒன்று. ஷிகிமேட்டோஜெனரன்ஸ் என்று பெயர். மரபணுத் தொகுதி சுமார் 3 லட்சம் எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. சுருங்கிய பிறகும் அது விடாமல் வைத்திருப்பது, பெயரே சொல்வதுபோல, ஷிகிமேட் பாதையைத்தான். வேறு பூச்சி, வேறு பாக்டீரியா, ஆனால் அதே வேலை.

ஜெர்மனியில் தோபியாஸ் எங்கல், மார்ட்டின் கல்டென்போத் ஆகியோரின் குழு 2018-இல் இதை வறட்சியோடு சேர்த்துச் சோதித்தது. பாக்டீரியா நீக்கப்பட்ட ரம்ப வண்டுகளின் ஓடு மெல்லியதாக இருந்தது, உடலிலிருந்து நீர் வேகமாக வெளியேறியது. காற்றில் ஈரம் தாராளமாக இருந்தபோது அவை ஓரளவு சமாளித்தன. ஈரம் குறைந்ததும் பின்தங்கிவிட்டன. மெல்லிய ஓடுள்ளவை இரைகொல்லிகளுக்கும் பூஞ்சை நோய்க்கும்கூட எளிதில் பலியாகின்றன என்று பின்னால் செய்த ஆய்வு காட்டியது.

2021-இல் அதே குழு அடுத்த படிக்குப் போனது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஷிகிமேட் பாதையின் ஒரு நொதியை முடக்கித்தான் செடியைக் கொல்கிறது. விலங்குகளுக்கு அந்தப் பாதையே இல்லை, எனவே அவற்றுக்கு இந்த வழியில் பாதிப்பில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். ரம்ப வண்டுக்கு உணவில் கிளைபோசேட் கொடுத்தபோது, புழுப் பருவத்தில் பாக்டீரியா நிலைகொள்ள முடியாமல் போனது, வளர்ந்த வண்டின் ஓடு பாக்டீரியா இல்லாத வண்டின் ஓடுபோலவே ஆகிவிட்டது. வளையமுள்ள அமினோ அமிலங்களை உணவில் சேர்த்துக் கொடுத்தபோது ஓடு தேறியது. குறை எங்கே இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தானியப் பூச்சியோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. பாக்டீரியாவை நம்பி ஓடு கட்டும் பூச்சிகள் வயலிலும் காட்டிலும் எத்தனையோ இருக்கின்றன. களைக்கொல்லி அவற்றை என்ன செய்கிறது என்ற கேள்வியையும் இந்த ஆய்வு எழுப்பிவிட்டது.

தானியத் துளைப்பான் என்ற இன்னொரு வண்டிடம் இரண்டு பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒன்று ஷிகிமேட்டோஜெனரன்ஸின் சொந்தம், ஓட்டுக்கானது. மற்றது யூரியாவை உடைத்து அதிலுள்ள நைட்ரஜனை மறுபடி பயன்படுத்த வழிசெய்கிறது. இந்த வண்டின் குடும்பமே மரம் குடையும் குடும்பம். மரத்தில் நைட்ரஜன் தானியத்தைவிட மிகக் குறைவு. கழிவைக்கூட வீணாக்காமல் பிழைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

எல்லாத் தானியப் பூச்சிக்கும் இது பொருந்திவிடாது. சிவப்பு மாவு வண்டுக்கு இப்படித் தனி உறுப்பும் இல்லை, அதில் குடியிருக்கும் பாக்டீரியாவும் இல்லை. இருந்தும் உலகெங்கும் மாவில் பெருகுகிறது. சிகரெட் வண்டும் மருந்துக் கிடங்கு வண்டும் பாக்டீரியாவுக்குப் பதில் ஈஸ்ட் போன்ற பூஞ்சையை வைத்திருக்கின்றன. தாய் அதை முட்டையின் மேல் பூசிவிடும், பொரிந்த புழு முட்டை ஓட்டைத் தின்னும்போது அது உள்ளே போய்விடும். பயறு வண்டில் இருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவோ வேறு ரகம். சத்துக் கொடுத்துத் தன் இடத்தைத் தக்கவைப்பதற்குப் பதில், அது இனப்பெருக்கத்தில் கைவைக்கிறது. வொல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் வீணாகும். அதனால் வொல்பாக்கியா உள்ள பெண்களின் சந்ததியே நாளடைவில் பெருகும். பயறு வண்டின் எக்ஸ் குரோமோசோமிலேயே வொல்பாக்கியாவின் மரபணுக்கள் ஒட்டிக்கிடப்பதை ஜப்பானிய அறிவியலாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, பாக்டீரியாவைக் கொன்று வண்டை அடக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆன்டிபயாடிக் மருந்தைத் தானியத்தில் தெளிப்பது பேச்சுக்கே இடமில்லாத யோசனை. மனிதர் உண்ணும் பொருள் அது. மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம். கிளைபோசேட்டும் அப்படித்தான். மனித செல்லில் ஷிகிமேட் பாதை இல்லை என்பது உண்மை, ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பலவற்றில் அது உண்டு. நார்தோனின் வெப்பமுறையும் களஞ்சியத்துக்கு ஆகாது: 90 சதவீத ஈரப்பதத்தில் ஒரு மாதம் வைத்தால் வண்டுக்கு முன்னால் தானியம் பூஞ்சை பிடித்துவிடும்.

இப்போது உலகம் நம்பியிருப்பது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவால் போடும் புகைமூட்டத்தை. அதற்கு மசியாத வண்டுகள் பல நாடுகளில் பெருகிவருகின்றன. அந்த எதிர்ப்பு வண்டின் சொந்த மரபணுக்களில் ஏற்பட்ட மாற்றங்களால் வருவது, பாக்டீரியாவுக்கு அதில் பங்கிருப்பதாகத் தெரியவில்லை. நம்பிக்கை தரும் செய்தியாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். பாஸ்பீனைத் தாங்கும் வண்டுக்கும் ஓட்டுக்கு டைரோசின் வேண்டும், அதற்குப் பாக்டீரியா வேண்டும். புகைமூட்டம் தொடாத ஓர் இடத்தில் அதன் பலவீனம் அப்படியே இருக்கிறது.

அந்த இடத்தைத் தொட வண்டுக்கு மட்டுமே உரிய வழி ஒன்று தேவை. கோலியாப்டெரிசின் மரபணுவை முடக்கிய சோதனை அதற்கு ஒரு தொடக்கம்: பாக்டீரியாவைத் தாக்காமல், வண்டு அதை அடக்கிவைத்திருக்கும் பூட்டைத் திறந்துவிடுவது. ஆய்வகத்தில் ஒவ்வொரு வண்டாக ஊசி போட்டுச் செய்வதை ஒரு களஞ்சியத்துக்குக் கொண்டுபோவது நீண்ட வேலை. அதற்கிடையில், ஏற்கெனவே கையில் இருக்கும் வழிகளையே கூர்மையாக்க இந்த அறிவு உதவும். சிலிக்கா நிறைந்த டயட்டம் மண்ணைத் தானியத்தில் கலக்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பொடி வண்டின் ஓட்டின் மேலுள்ள மெழுகை உறிஞ்சிவிடும், வண்டு நீரிழந்து சாகும். ஓடு மெல்லியதாக இருந்தால் அது இன்னும் விரைவாக நடக்க வேண்டும். தானியத்தை ஒரு சதவீதம் கூடுதலாகக் காயவைப்பதன் பலனும் அப்படித்தான் கூடும்.

ஒரே மூட்டையில் கூன்வண்டு, துளைப்பான், ரம்ப வண்டு, மாவு வண்டு எல்லாம் கலந்திருக்கும். பாக்டீரியாவைக் குறிவைக்கும் எந்த முறையும் மாவு வண்டை நேராகத் தொடாது. ஆனால் மாவு வண்டால் முழு மணியைத் துளைக்க முடியாது. கூன்வண்டும் துளைப்பானும் குடைந்துபோட்ட மணிகளையும் உதிர்ந்த மாவையும் தின்றுதான் அது பெருகுகிறது. முழு மணியை முதலில் உடைக்கிற அந்த இரண்டும் பாக்டீரியாவை நம்பியிருப்பவை. அவை தளர்ந்தால் மாவு வண்டுக்குக் கிடைக்கும் தீனியும் குறையும்.